உளுந்து தெளிச்சவங்க கையைத் தூக்குங்க

போன வருஷம் காணும் பொங்கலன்று காலை. பிள்ளையார் கோயில் தகரக் கொட்டகையில் ஊர் கூடியிருந்தது. எல்லார் வாயிலும் கரும்பு. துப்பிய சக்கையைச் சுற்றி எறும்புகள் தனியாக ஒரு கூட்டம் போட்டிருந்தன. அந்தக் கூட்டம் எங்களுடையதைவிட ஒழுங்காக நடந்தது.

நாட்டாமை தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வருஷா வருஷம் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"உளுந்து தெளிச்சவங்க கையைத் தூக்குங்க."

யாரும் தூக்கவில்லை. ஒரு காக்கை மட்டும் கொட்டகை மேல் தத்தித் தத்தி நடந்தது.

"ஒருத்தர்கூடவா இல்ல?"

"எல்லாரும் விட்டாச்சுங்க" என்றான் முருகையன். முப்பது ஆடு வைத்திருப்பவன். எனக்கு மச்சான் முறை. "அப்ப தண்டோராவையும் மூட்டை கட்டிடலாம்ல? இல்லாத பயிருக்காக என் ஆடுங்க எதுக்குப் பட்டினி கிடக்கணும்?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். கரும்பு மென்ற வாயோடு, சாறு தாடையில் வழிய, ஒரு சிரிப்பு. அவ்வளவுதான் நடந்தது. வேறு எந்தக் காரணமும் நான் சொல்ல முடியாது. ஒரு கை மேலே போயிருந்தது. யாருடைய கை என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அது என்னுடையது.

"நீயா?" என்றார் நாட்டாமை.

"நான்தாங்க."

"தெளிச்சாச்சா?"

"தெளிச்சாச்சுங்க."

ஒரு விதை தெளிக்கவில்லை. விதை உளுந்து கையிருப்பும் இல்லை. தெளிப்பதாக நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. பிள்ளையார் பத்தடி தூரத்தில் இருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

நாட்டாமை துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி, இந்த வருஷம் தண்டோரா உண்டு. ஆனா ஒண்ணு. பங்குனியில நான் வந்து பாப்பேன். பயிர் நின்னா அடுத்த வருஷமும் கூட்டத்துல கேப்பேன். நிக்கலேன்னா இந்தக் கேள்வியே இனிமே கிடையாது. ஆடு மாடு அவுங்கவுங்க இஷ்டம்."

பெண்கள் பக்கம் என் மனைவி ராஜி உட்கார்ந்திருந்தாள். அவள் பார்த்த பார்வையில் ஒரு குக்கர் அரிசி வெந்திருக்கும்.

ஏன் அந்தக் கை அவ்வளவு முக்கியம்?

போன வாரம் இந்தத் தொடரில் நான் எழுதிய, மோட்டார் கொட்டகைக்குள் உடும்பு புகுந்த கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகர், 'நீங்கள் உண்மையிலேயே விவசாயிதானா?' என்று கேட்டு எழுதியிருந்தார். இந்த வாரக் கதை அவருக்குப் பதிலாக அமையலாம். அவருடைய சந்தேகத்தை உறுதி செய்தாலும் செய்யலாம்.

நான் பாதி வயசு வரை சிங்கப்பூரில் கப்பலுக்குப் பெயின்ட் அடித்தவன். கைப்பிடிக் கம்பிகளுக்கு மஞ்சள் அடிப்பது என் வேலை. பிறகு பாபநாசத்துக்கு உள்ளே இருக்கும் எங்கள் ஊருக்கே திரும்பி, மூன்று மா நிலத்தில், அதாவது ஓர் ஏக்கரில், நெல் போடுகிறேன். பெயின்ட் அடித்தவன் பயிர் செய்தால் என்ன ஆகும் என்று ஊருக்கு ஒரு வேடிக்கை வேண்டியிருந்தது. குறை வைக்காமல் காட்டிவருகிறேன்.

எங்கள் பக்கம் தை மாதம் நெல் அறுப்பு. அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், நெல் நிற்கும்போதே அதற்குள் நடந்து உளுந்தைத் தெளித்துவிட வேண்டும். மண்ணில் தண்ணீர் நிற்கக் கூடாது, ஆனால் கால் புதைய வேண்டும். அந்த மெழுகு ஈரத்தில் விதை ஒட்டிக்கொண்டு முளைக்கும். நெல் போனதும் உளுந்து வெயிலைப் பார்க்கும். உழவு கிடையாது, பாய்ச்சல் கிடையாது. பனியைக் குடித்தே பங்குனி வரை வளர்ந்துவிடும். சோம்பேறிக்கென்றே படைக்கப்பட்ட பயிர். எனக்குப் பொருத்தமானதுதான்.

பயிர் நிற்கும் அந்த இரண்டு மாதமும் ஆடு மாட்டை அவிழ்த்துவிடக் கூடாது என்பது ஊர்க் கட்டு. அதைச் சொல்லத்தான் தண்டோரா. முன்பு பறையடித்துச் சொன்னார்கள். இப்போது நாட்டாமையின் குரலைப் பதிவு செய்து ஆட்டோவில் கட்டி ஓட்டுகிறார்கள்.

அந்தக் காலத்தில் எல்லாம் செழிப்பாக இருந்தது என்று கதை விட மாட்டேன். அப்போதும் புழு தின்றது. ஆனால் ஊர் முழுக்கப் பச்சையாக இருந்ததால் ஆளுக்குக் கொஞ்சமாகத் தின்றது. பிறகு ஒருத்தர் பயிருக்கு மஞ்சள் நோய் வந்ததால் உளுந்தை விட்டார். ஒருத்தர் அறுப்பு வண்டி முளையை நசுக்கியதால் விட்டார். இன்னொருத்தர் காய்ப்புழுவுக்குப் பயந்து விட்டார். ஒவ்வொருத்தராக விட விட, மிச்சம் இருந்தவரின் வயலுக்குத்தான் எல்லாப் பூச்சியும் வந்தது. ஊரில் ஒரே ஒரு கல்யாண வீடு என்றால் எல்லோரும் அங்கேதானே சாப்பிடப் போவார்கள்?

ஆனால் இட்லியை மட்டும் யாரும் விடவில்லை. எங்கள் ஊர்க் கடையில் பர்மா உளுந்துதான். காவிரிக்கரையில் உட்கார்ந்துகொண்டு கடல் தாண்டி வந்த இட்லியைத் தின்கிறோம். நான் வெளிநாடு போனதற்கு ஊரில் எத்தனை பேர் என்னைக் கேலி செய்தார்கள்! அவர்கள் வீட்டு இட்லி என்னைவிட அதிக தடவை கடல் தாண்டியிருக்கிறது.

டப்பா ரகம்

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் ராஜி கேட்டாள். "எப்பங்க தெளிச்சீங்க?"

"நாளைக்குக் காலையில."

"நாளைக்குத் தெளிக்கப் போறதுக்கு இன்னைக்கே தெளிச்சாச்சா?"

"கையைத் தூக்கியாச்சு ராஜி. இறக்க முடியல."

"விதை?"

அங்கேதான் சிக்கல். பொங்கல் விடுமுறை. விதைக் கிடங்கு பூட்டியிருந்தது. அறுப்பு வண்டி எட்டு நாளில் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். கிடங்கு திறக்கும்வரை காத்திருந்தால் காலம் போய்விடும். நான் அடுக்களைக்குள் போய், இட்லிக்கு வைத்திருந்த தோல் உளுந்து டப்பாவை இறக்கினேன். முழு உளுந்து, கறுப்பாக, பளபளவென்று இருந்தது.

"அது நாளைக்கு ஊறப்போடணும்."

"ஊறத்தான் போகுது. வயல்ல."

டப்பாவில் இருந்தது போதாது. கடைக்குப் போய்ப் பத்து கிலோ கேட்டேன். கடைக்காரர் முகம் மலர்ந்தது. "வீட்டுல விசேஷங்களா?"

"ஆமாங்க. மூணு மா பந்தி."

ராஜி திட்டிக்கொண்டே ஒரு பிடியை எடுத்து ஈரத் துணியில் முடிந்து வைத்தாள். மறுநாள் விடியலில் அவிழ்த்துப் பார்த்தால் பெரும்பாலானவை முளைவிட்டிருந்தன. வெள்ளையாக, கொசுவின் மூக்கு மாதிரி. அதைப் பார்த்ததும் அவள் குரல் மாறியது. திட்டு நிற்கவில்லை, ஆள்தான் மாறியது.

"அந்த முருகையன் அண்ணன் என்ன சிரிப்பு சிரிச்சாரு பாத்தீங்களா? போங்க, தெளிங்க. ஒண்ணு சொல்லிட்டேன், இந்த வயல்ல இருந்து உளுந்து வந்தாத்தான் இனிமே இந்த வீட்டுல இட்லி."

இட்லி விஷயத்தில் என் கருத்தை யாரும் கேட்கவில்லை.

விடிந்தும் விடியாமலும் நெல்லுக்குள் இறங்கினேன். இடுப்பு வரை பனி ஈரம். கதிர் கையை அறுத்தது. வெளியிலிருந்து பார்த்தால் என் தலை மட்டும்தான் தெரியும் என்று நம்பி, ஓசைப்படாமல் வீசிக்கொண்டே போனேன். பாதி வயலைத் தாண்டி நிமிர்ந்தால், வரப்பில் முருகையன். வாயில் வேப்பங்குச்சி.

"நேத்தே தெளிச்சாச்சுன்னியே மச்சான்?"

"இது ரெண்டாவது தடவை மாப்ள. மேல் விதை."

"மேல் விதையா?"

"முதல்ல தெளிச்சது பத்தல. அதுக்கு மேல போடுறது."

அவன் குச்சியை எடுத்துத் துப்பினான். "நானும் முப்பது வருஷமா வரப்புல நிக்கிறேன். இப்படி ஒண்ணு கேள்விப்பட்டதில்ல."

"சிங்கப்பூர் முறை" என்றேன்.

முறைத்துப் பார்த்த ஆடுகள்

அறுப்பு வண்டி வந்தது. பெல்ட் போட்ட பெரிய வண்டி. ஓட்டுநர் சேலத்துப் பக்கத்து ஆள். நான் வண்டிக்கு முன்னால் நின்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

"அண்ணே, உள்ளே முளை இருக்கு. நேரா ஓட்டுங்க. வயலுக்குள்ள சும்மா சும்மா திரும்பாதீங்க."

"வண்டிக்குக் கண்ணு இல்லீங்க" என்றார்.

"உங்களுக்கு இருக்குல்ல?"

சிரித்துவிட்டார். முடிந்தவரை நேராகத்தான் ஓட்டினார். அப்படியும் பெல்ட் போன தடத்தில் முளைகள் சப்பையாகிவிட்டன. வண்டி தள்ளிவிட்டுப் போன வைக்கோல் வரிசை வரிசையாக மீதி முளைகளை மூடிக் கிடந்தது. அதை அன்றைக்கே அள்ளாவிட்டால் உளுந்து மூச்சு முட்டி வெளுத்துவிடும். நானும் ராஜியும் இருட்டுவதற்குள் அள்ளி வரப்பில் போட்டோம். உடம்பெல்லாம் சுணை. குளித்தும் போகவில்லை. இரண்டு பேரும் சொறிந்துகொண்டே ரவை உப்புமா சாப்பிட்டோம். இட்லித் தடைக்கு அது எட்டாவது நாள்.

அந்த வாரமே தண்டோரா ஆட்டோ தெருத் தெருவாகப் போனது. "ஆடு மாடு வச்சிருக்கவங்க கட்டிப் போட்டு வளக்கணும்..." முருகையன் வீட்டு வாசலில் ஆட்டோ தேவைக்கு மேல் இரண்டு நிமிஷம் நின்றதாகக் கேள்வி. அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ஓட்டுநருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

அவன் கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். முப்பது ஆட்டையும் கட்டிப் போட்டுத் தினமும் தழை ஒடித்துப் போடுவது சும்மா இல்லை. நான் தெருவில் போனால் முப்பது தலையும் ஒன்றாகத் திரும்பி என்னை முறைக்கும். முப்பத்தோராவது தலை வெடுக்கென்று திரும்பிக்கொள்ளும்.

மஞ்சளைக் கண்டால்

இருபது நாளில் வயல் அழகாக இருந்தது. மறுவாரம் அதைவிட அழகாக இருந்தது. அங்கங்கே தங்கத் துளி தெளித்த மாதிரி மஞ்சள் இலைகள். ஒரு படம் எடுத்து, 'பொன் விளையும் பூமி' என்று எழுதி, ஊர் வாட்ஸப் குழுவில் போட்டேன். முருகையன் பூ போட்டு அனுப்பினான். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

நெல் போடும் ஊரில் பிறந்த எவனுக்கும் ஒரு வியாதி உண்டு. பயிர் மஞ்சளாகத் தெரிந்தால் மூளையைக் கேட்காமல் கை யூரியாவைத் தேடும். நான் கரைத்து அடித்தேன். உளுந்து தளதளவென்று கொழுத்தது. இலையைத் தட்டினால் வெள்ளையாகப் பொடி பறந்தது. பொடி என்றுதான் நினைத்தேன். பொடி மறுபடி வந்து இலையில் உட்கார்ந்தது.

அப்போதுதான் வேளாண் அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா ஸ்கூட்டியில் வந்தார். இருபத்தைந்து வயசு இருக்கும். என் படத்தை யாரோ அவருக்கு அனுப்பியிருந்தார்கள். வரப்பில் இறங்கியதும் ஒரு இலையைப் பறித்துத் திருப்பிப் பார்த்தார்.

"சார், இது சத்துக் குறைவு இல்ல. மஞ்சள் தேமல். வைரஸ். இந்த வெள்ளை ஈதான் ஒரு செடியில இருந்து இன்னொரு செடிக்குக் கொண்டுபோகுது. என்ன போட்டீங்க?"

"கொஞ்சம் யூரியா..."

"ஈக்கு விருந்து வச்சிருக்கீங்க." அடுத்த கேள்விதான் வில்லங்கம். "என்ன ரகம்?"

நான் வானத்தைப் பார்த்தேன். ராஜிதான் சொன்னாள். "டப்பா ரகம் மேடம்."

"அப்படி ஒரு ரகம் இல்லையே?"

"எங்க வீட்டு இட்லி டப்பா."

அந்த அம்மா சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு சொன்னார். "தேமலைத் தாங்குற ரகம் இருக்கு சார், அடுத்த தடவை அதைப் போடுங்க. இப்ப இதுக்கு மருந்து கிடையாது. மஞ்சளாத் தெரியுற செடியை எல்லாம் வேரோட பிடுங்கிடுங்க. ஒண்ணுகூட விடாதீங்க. மஞ்சள் தகரத்துல எண்ணெய் தடவி நட்டு வைங்க, ஈ அதுல போய் ஒட்டிக்கும். வேப்பங்கொட்டைக் கரைசல் அடிங்க."

தகரத்துக்கு மஞ்சள் பெயின்ட்! வாழ்க்கையில் முதல் தடவையாக விவசாயம் என்னிடம் எனக்குத் தெரிந்த வேலையைக் கேட்டது. பழைய எண்ணெய் டின்களை வெட்டி, கப்பல் தரத்தில் இரண்டு பூச்சு அடித்து, விளக்கெண்ணெய் தடவி, வயலின் நாலு மூலையிலும் நடுவிலும் நட்டேன். தொழில் சுத்தமாக இருக்கட்டும் என்று சிங்கப்பூர்க் கம்பெனியில் கொடுத்த மஞ்சள் பனியனைப் போட்டுக்கொண்டு நட்டேன்.

ஈக்கள் தகரத்தையும் பார்த்தன, என்னையும் பார்த்தன. என்னைத் தேர்ந்தெடுத்தன. வியர்வையும் விளக்கெண்ணெயுமாக நான் வீட்டுக்கு வந்தபோது பனியன் வெள்ளையாகியிருந்தது.

ராஜி வாசலிலேயே நிறுத்தினாள். "அப்படியே திரும்பிப் போய் வயல் நடுவுல நில்லுங்க. தகரத்தைவிட நீங்கதான் நல்லா வேலை செய்யிறீங்க."

பிடுங்கிய மூன்று நாள்

சிரித்தது அதோடு சரி. பிடுங்க வேண்டும் என்பதுதான் கழுத்தை இறுக்கியது.

பயிர் நிற்க வேண்டும் என்பது ஊரின் நிபந்தனை. நின்றால் தண்டோரா, இல்லையென்றால் இனி எப்போதும் இல்லை. நானோ நிற்கிற பயிரை என் கையாலேயே பிடுங்க வேண்டும். பிடுங்கினால் வயலில் ஓட்டை விழும். பிடுங்காவிட்டால் முழுவதும் மஞ்சளாகும். இரண்டு நாள் வரப்பில் குந்தி, இந்தச் செடி பாதிப் பச்சைதானே, அந்தச் செடி பிழைத்துக்கொள்ளுமே என்று ஒவ்வொன்றுக்கும் வக்காலத்து வாங்கினேன். அந்த இரண்டு நாளில் இன்னும் இரண்டு பாத்தி அளவுக்கு மஞ்சள் பரவியது.

மூன்றாம் நாள் காலையில் ராஜி என்னைக் கேட்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, முதல் செடியைப் பிடித்து இழுத்தாள். சொத்தென்று ஒரு சத்தம்.

"நின்னு பாத்துக்கிட்டே இருந்தா அது பச்சையாயிடுமா? இறங்குங்க."

இறங்கினேன். மத்தியானத்துக்குள் வரப்பில் குவியல் குவியலாகச் செடி. முருகையன் வந்து நின்றான். சிரிக்கப் போகிறான் என்று முதுகைக் காட்டிக்கொண்டே பிடுங்கினேன். சிரிக்கவில்லை.

"இதுக்கு என்ன மருந்து அடிச்சிருக்க?"

"வேப்பங்கொட்டைகூட இன்னும் அடிக்கல. யூரியா அடிச்சு ரெண்டு வாரம் ஆகுது. விஷ மருந்து எதுவும் கிடையாது."

"ஆட்டுக்கு ஆவுமா?"

"நோய் செடிக்குத்தான் மாப்ள. ஆட்டுக்கு ஒண்ணும் பண்ணாதாம், மேடம்கிட்ட கேட்டுட்டேன். பச்சையாப் போடாத, வயிறு உப்பும்."

"ஆட்டைப் பத்தி எனக்கே சொல்றியா? வாட வச்சுத்தான் போடுவேன்." குவியலைக் கட்டித் தலையில் வைத்தான். நாலடி போய்த் திரும்பினான். "அதோ, அந்த மூலையில ஒரு மஞ்சளை விட்டுட்ட பாரு."

"அது பாதிப் பச்சைடா."

"என் ஆட்டுக்கு அது முழுத் தீனி. பிடுங்கு."

கட்டை வீட்டில் போட்டுவிட்டு வந்து அவனே இறங்கிவிட்டான். என்னைவிட அவனுக்குக் கண் கூர்மை. மஞ்சள் அவனுக்குத் தழையாகத் தெரிந்தது, எனக்குத் துக்கமாகத் தெரிந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். மூன்று நாள் மூன்று பேரும் பிடுங்கினோம். முடிந்ததும் வரப்பில் நின்று பார்த்தேன். வயல் என் பழைய பனியன் மாதிரி இருந்தது. ஓட்டை அதிகம், துணி கொஞ்சம்.

ஆனால் மிச்சம் நின்றது பூத்தது. சின்னச் சின்ன மஞ்சள் பூ. அந்த மஞ்சளைப் பார்த்ததும் கை தானாகப் பிடுங்கப் போனது. பிறகு பூ என்று தெரிந்து வெட்கப்பட்டேன். காய் வந்தபோது புழுவும் வந்தது. பூவையும் பிஞ்சையும் நூலால் கட்டி, உள்ளே உட்கார்ந்து தின்றது. வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்து அடித்தோம். கவட்டைக் குச்சிகளை நட்டோம். கரிச்சான் குருவி வந்து அதில் உட்கார்ந்து ஒவ்வொரு புழுவாகப் பொறுக்கியது. போதாக்குறைக்கு மாசியில் ஒரு மழை. காய் கறுத்துவிடுமோ என்று நான் குடை பிடித்துக்கொண்டு வயலில் நின்றேன். குடை எனக்கு மட்டும்தான் போதுமானதாக இருந்தது.

நாட்டாமை வந்தார்

பங்குனியில் சொன்னபடியே வந்தார். கூடவே ஊரில் வேலை இல்லாத எல்லோரும் வந்தார்கள். முருகையன் ஆட்டுக் கயிறு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நின்றான்.

நாட்டாமை வயலைக் கண்ணால் அளந்தார். "இதுல பயிர் எங்க இருக்கு? பாதிக்கு மேல வெறும் நெல்லுத் தாளா இருக்கே?"

"பிடுங்கினதுங்க" என்றேன்.

"நின்னாத்தான் பயிர்னு சொன்னேன்."

"நிக்கிறதைப் பாருங்கங்க."

"நிக்காததுதானே நிறையத் தெரியுது?"

ராஜி வயலில் இறங்கினாள். ஒரு செடியிலிருந்து கறுத்த காய்களை உருவி, அவர் உள்ளங்கையை விரிக்கச் சொல்லி, அதிலேயே நசுக்கினாள். காய் படபடவென்று வெடித்தது. கறுப்பாக, பளபளவென்று நாலைந்து டஜன் உளுந்து உருண்டன. நாட்டாமை அதைப் பார்த்தார். வயலைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"கையளவு உளுந்துக்கா ஊரே கட்டுல இருந்துச்சு? எனக்கு என்னமோ..."

"அதெல்லாம் கிடையாது!"

கத்தியது முருகையன். எல்லோரும் திரும்பினோம்.

"பயிர் இல்லேன்னு மட்டும் சொல்லாதீங்க. ரெண்டு மாசமா முப்பது ஆட்டையும் கட்டிப் போட்டு, தினமும் மரம் ஏறித் தழை ஒடிச்சிருக்கேன். இந்தத் தோளைப் பாருங்க. இங்க பயிர் இல்லேன்னா நான் எதுக்கு இவ்வளவு பாடுபட்டேன்? என்னைக் கேணையன்னு சொல்றீங்களா?"

"நான் உன்னைச் சொல்லலைப்பா..."

"அப்ப பயிர் நிக்குதுன்னு சொல்லுங்க. என்னைவிட நல்லா யாருக்குத் தெரியும்? மூணு நாள் இதுல குனிஞ்சு பிடுங்கினவன் நான். நோயெடுத்தது போச்சு. மிச்சம் நிக்குது. அதான் பயிரு."

நாட்டாமை கையிலிருந்த உளுந்தைக் கீழே போடவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "சரிப்பா, நிக்குது. அடுத்த வருஷமும் கேக்குறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அறுத்துக் காயவைத்து அடித்துத் தூற்றினால் ஒரு மூட்டையும் கொஞ்சமும். நல்ல வருஷத்தில் வருவதில் பாதிகூட இல்லை. அதில் ஒரு படி ஊறப்போட்டு ராஜி மாவாட்டினாள். இத்தனை நாள் கழித்து வந்த இட்லி. முதல் ஈட்டை எனக்கு வைப்பாள் என்று வாழையிலையோடு உட்கார்ந்திருந்தேன். அது தூக்குவாளியில் முருகையன் வீட்டுக்குப் போனது.

"அவரும் பாடுபட்டாருல்ல" என்றாள்.

"கையைத் தூக்கினது நான்."

"அதுக்குத்தான் ரெண்டாவது ஈடு."

அதே கொட்டகை

இந்தக் காணும் பொங்கலுக்கும் அதே தகரக் கொட்டகை, அதே கரும்புச் சக்கை. இந்த முறை கிடங்கு பூட்டுவதற்குப் பத்து நாள் முன்பே போய், தேமலைத் தாங்கும் ரகம் வாங்கிப் பத்திரமாக வைத்திருந்தேன். போகிக்கு முந்தின நாளே தெளித்தும் முடித்துவிட்டேன். முதல் தடவையாக உண்மை சொல்லப் போகும் பெருமையில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன்.

"உளுந்து தெளிச்சவங்க கையைத் தூக்குங்க."

தூக்கினேன். திரும்பிப் பார்த்தால் அங்கே ஒரு கை, இங்கே ஒரு கை. என்னுடையதோடு ஆறு கை இருந்தது. ஏழாவது கை பின்னாலிருந்து எழுந்தது. முருகையனுடையது. கொட்டகையே சிரித்தது.

நாட்டாமைக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஏன்டா, உன் உளுந்தை மேய இந்த ஊர்ல வேற யாரு ஆடுடா இருக்கு?"

"என் ஆடுதாங்க. அதான் தண்டோரா வேணுங்கிறேன். என் வீட்டு வாசல்ல கொஞ்சம் சத்தமாவே வைங்க."

"எல்லாரும் தெளிச்சாச்சா?"

"தெளிச்சாச்சுங்க" என்றார்கள் எல்லோரும் ஒரே குரலில். அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாள் விடியலில் வயலைப் பார்க்கப் போனேன். பனி இன்னும் கலையவில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை முற்றிய நெல். அதற்கு மேலே, அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆறு தலைகள், ஓசைப்படாமல் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கை உயர்ந்து, வீசி, இறங்கியது.

மிக அருகில் இருந்த தலை என்னைக் கண்டதும் அப்படியே நின்றது.  வேப்பங்குச்சியை மென்றபடி வரப்பில் நின்றேன், அவ்வளவுதான்.

"ரெண்டாவது தடவை மச்சான்" என்றான் முருகையன். "மேல் விதை."